கந்தகம் எங்கே போகிறது?
அனல்மின் நிலையச் செய்தி எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

சுற்றுச்சூழல், மின்துறைச் செய்திகளைத் தமிழில் எழுதும் நண்பர்களுக்கு,



2025 ஜூலையில் ஒன்றியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் ஓர் அறிவிக்கை வெளியிட்டது. நாட்டின் நிலக்கரி அனல்மின் யூனிட்டுகளில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு, கந்தக டை ஆக்சைடு வரம்பிலிருந்து விலக்குப் பெற்றன. பத்தாண்டுகளாக இழுத்துக்கொண்டிருந்த விவகாரம் அது. தமிழில் யார் யார் என்ன எழுதுகிறார்கள் என்று ஆவலோடு தேடிப் படித்தேன். ஒரு செய்தியில் ‘மாசு வடிகட்டும் கருவி’ என்றிருந்தது. இன்னொன்றில் ‘புகை சுத்திகரிப்பான்’. வேறொன்று ‘எஃப்.ஜி.டி.’ என்ற மூன்றெழுத்தோடு நிறுத்திக்கொண்டது. ஒரு விவாதத்தில் அதைச் சாம்பல் பிடிக்கும் இயந்திரம் என்றே கடைசி வரை பேசி முடித்தார்கள்.

அனல்மின் நிலைய வேதியியல் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். குறை சொல்வதற்காக எழுதவில்லை. இரவு பத்து மணிக்கு வரும் ஆங்கிலக் குறிப்பை அரை மணி நேரத்தில் தமிழாக்கி அச்சுக்கு அனுப்பும் நெருக்கடி எனக்குத் தெரியும். ஆனாலும் எண்ணூரில், மேட்டூரில், தூத்துக்குடியில், நெய்வேலியில் புகைபோக்கிகளுக்குக் கீழே குடியிருக்கும் மக்கள் உங்கள் வரிகளை வைத்துத்தான் தங்கள் கேள்விகளை உருவாக்கிக்கொள்கிறார்கள். மனு எழுதுகிறவர் உங்கள் செய்தியில் உள்ள சொல்லைத்தான் எடுத்தாள்கிறார். அந்தச் சொல் தவறான கருவியைக் காட்டினால் மனு தவறான மேசைக்குப் போகும். அங்கிருந்து ‘எங்கள் நிலையத்தில் அது ஏற்கெனவே இருக்கிறது’ என்று பதிலும் வரும். வந்திருக்கிறது.

அதனால் உங்களிடம் ஒரு கோரிக்கை. கந்தகநீக்கம் என்று எழுதும்போதெல்லாம் கூடவே மூன்று விவரங்களைக் கேட்டு எழுதுங்கள். கந்தகத்தை எதிலிருந்து எடுக்கிறார்கள்? எதைக்கொண்டு எடுக்கிறார்கள்? எடுத்தது எங்கே போகிறது? கந்தகம் ஒரு தனிமம். எரித்தாலும் கழுவினாலும் கரைத்தாலும் அது அழியாது. ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போகும், அவ்வளவுதான். ஆகவே மூன்றாவது கேள்விக்கு விடை இல்லாத செய்தி பாதிச் செய்தி.

கந்தகநீக்கம் என்ற ஒரே சொல்லை மூன்று நான்கு தொழில்களில் வெவ்வேறு வேலைகளுக்குப் பயன்படுத்துகிறோம். குழப்பத்தின் வேர் அங்கே இருக்கிறது. மணலியில் உள்ள எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் கந்தகநீக்கம் என்றால், டீசலை எரிப்பதற்கு முன்பே அதிலுள்ள கந்தகத்தை எடுத்துவிடுவது. டீசலோடு ஹைட்ரஜன் வாயுவைக் கலந்து, 300 முதல் 400 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கி, உயர் அழுத்தத்தில் கோபால்ட், மாலிப்டினம் பூசிய வினையூக்கி உருண்டைகளின் ஊடாக அனுப்புவார்கள். கந்தகம் ஹைட்ரஜனோடு சேர்ந்து ஹைட்ரஜன் சல்ஃபைடு ஆகும். அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும் அந்த நச்சு வாயுவை 1883இல் கார்ல் ஃபிரீட்ரிஷ் கிளவுஸ் காப்புரிமை பெற்ற முறையில் பகுதி எரித்தால் மஞ்சள் நிறத் தனிக் கந்தகம் கிடைக்கும். சல்ஃபியூரிக் அமிலத் தொழிற்சாலைக்கும் உரத்துக்கும் ரப்பர் பதப்படுத்தவும் அது போகிறது. உலகச் சந்தையில் இன்று கிடைக்கும் தனிக் கந்தகத்தில் பெரும்பகுதி சுரங்கத்தில் வெட்டியதல்ல. எண்ணெயிலிருந்தும் இயற்கை வாயுவிலிருந்தும் இப்படிப் பிரித்தது. 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் விற்கும் பி.எஸ். 6 டீசலில் கந்தகம் பத்து லட்சத்தில் 10 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது. அதற்கு முந்தைய பி.எஸ். 4 தரத்தில் அது 50, பி.எஸ். 3இல் 350. வண்டிப் புகையில் வந்த இந்த மாற்றம் பெரிய சாதனை. அதைப் பற்றி நீங்கள் எழுதியதும் போதாது என்பேன்; அது வேறொரு மடலுக்கான விஷயம்.

கோவை வார்ப்படத் தொழிலாளரிடம் கேட்டால் அவர் வேறு கதை சொல்வார். அங்கே கந்தகம் புகையில் இல்லை, உருகிய இரும்பில் இருக்கிறது. கல்கரி போட்டு எரிக்கும் குபோலா உலையில் உருக்கினால் கரியில் உள்ள கந்தகம் இரும்புக்குள் ஏறிவிடும். எஸ்.ஜி. இரும்பு வார்க்கிறவர்கள் உருகிய இரும்பில் மக்னீசியம் சேர்ப்பார்கள். கிராஃபைட் செதில் செதிலாகப் படியாமல் உருண்டு திரள வேண்டும் என்பதற்காக அது. கந்தகம் அதிகமாக இருந்தால் சேர்த்த மக்னீசியத்தை முதலில் அதுவே தின்றுவிடும். உருண்டை திரளாது, வார்ப்பு வீண். அதனால் முன்கூட்டியே கந்தகத்தை எடுக்கிறார்கள். கால்சியம் கார்பைடு போட்டு எடுத்தால் கந்தகம் கசடில் சேர்ந்து மேலே மிதக்கும். அதை வழித்து எடுத்துக் கொட்டுவார்கள். அந்தக் கசடில் மழைத்தண்ணீர் பட்டால் அசிட்டிலீன் வாடை கிளம்பும். எஃகு ஆலைகளிலும் ஏறக்குறைய இதே வேலைதான். கந்தகம் மிகுந்த எஃகு, சூடாக உருட்டும்போது வெடித்துப் பிளக்கும்.

ஆக, ‘கந்தகநீக்கத் தொழில்நுட்பத்துக்கு ஒப்பந்தம்’ என்று ஒரு வரி உங்கள் கைக்கு வந்தால், அது எண்ணெயிலிருந்தா, இரும்பிலிருந்தா, புகையிலிருந்தா என்பதே முதலில் தெரிய வேண்டும். அனல்மின் நிலையத்தில் அந்தச் சொல் பெரும்பாலும் புகையிலிருந்து நீக்குவதைக் குறிக்கும். எஃப்.ஜி.டி. என்று எல்லோரும் சொல்வது அதைத்தான். ‘புகைவாயுக் கந்தகநீக்கம்’ என்று ஒருமுறை விரித்து எழுதிவிட்டு அப்புறம் எஃப்.ஜி.டி. என்றே தொடர்ந்தால் வாசகருக்குச் சிரமம் இருக்காது. நிலையத்துக்குள் நாங்களும் எஃப்.ஜி.டி. என்றுதான் சொல்வோம்.

அங்கே நடப்பதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். நிலக்கரி எரிந்து பாய்லரை விட்டு வெளிவரும் புகை முதலில் இ.எஸ்.பி. எனப்படும் மின்நிலைச் சாம்பல் பிடிப்பானுக்குள் போகும். உயர் மின்னழுத்தத்தில் மின்னூட்டம் பெற்ற தூசியைத் தகடுகள் ஈர்த்துப் பிடிக்கும். நன்றாக வேலை செய்தால் 99 சதவீதத்துக்கு மேல் சாம்பல் அங்கேயே நின்றுவிடும். ஆனால் கந்தக டை ஆக்சைடு வாயு. தகட்டில் ஒட்டாது, நேராகப் புகைபோக்கிக்குப் போகும். எஃப்.ஜி.டி. இருந்தால், இ.எஸ்.பி.யைத் தாண்டிய அந்தப் புகை, 130 டிகிரி சூட்டில், ஒரு பெரிய உருளைக் கோபுரத்துக்குள் கீழிருந்து நுழையும். உள்ளே பல அடுக்குகளில் தூவான்கள். அரைத்த சுண்ணாம்புக்கல்லைத் தண்ணீரில் கலந்த குழம்பு நீர்மோர் பதத்தில் மேலிருந்து இடைவிடாமல் பொழியும். மேலே ஏறும் புகையும் கீழே விழும் குழம்பும் உரசும் அந்தச் சில விநாடிகளில் கந்தக டை ஆக்சைடு தண்ணீரில் கரைந்து சுண்ணாம்போடு சேர்கிறது. கோபுரத்தின் அடியில் தேங்கும் குழம்புக்குள் காற்றை ஊதினால் அது ஜிப்சமாகப் படிகமாகும்.

அடித்தொட்டிக் குழம்பின் அமில–காரக் குறியீட்டை 5க்கும் 6க்கும் இடையே நிறுத்துவது வேதியியல் பிரிவின் ஓயாத கவலை. கீழே இறங்கினால் வாயுவை உறிஞ்சும் திறன் குறையும். மேலே ஏறினால் சுண்ணாம்புக்கல் கரையாமல் வீணாகி, குழாய்களிலும் தூவான்களிலும் கெட்டியாகப் படியும். படிந்ததை உளியால் கொத்தி எடுப்பதைப் பார்த்திருக்கிறேன். பட்டை வடிகட்டியிலிருந்து விழும் ஜிப்சத்தைக் கையில் எடுத்தால் ஈரமாக, நைசாக, வெளுத்த பழுப்பு நிறத்தில் இருக்கும். அப்படி இல்லாமல் கறுத்திருந்தால் இ.எஸ்.பி. ஒழுங்காக வேலை செய்யவில்லை, சாம்பல் கலந்து வருகிறது என்று அங்கேயே சொல்லிவிடலாம்.

கோபுரத்தைவிட்டு வெளியேறும் புகை ஐம்பது, ஐம்பத்தைந்து டிகிரிக்குக் குளிர்ந்து, ஈரம் சொட்டச் சொட்ட நிறைந்திருக்கும். அது புகைபோக்கி வாயில் வெளிக்காற்று பட்டதும் அடர்ந்த வெண்ணிற ஆவியாகத் தெரியும். நண்பர்களே, உங்கள் புகைப்படக்காரர்களிடம் இதைத் தயவுசெய்து சொல்லிவையுங்கள். கந்தக டை ஆக்சைடுக்கு நிறமில்லை. எஃப்.ஜி.டி. இல்லாத, இ.எஸ்.பி. மட்டும் நன்றாக ஓடுகிற புகைபோக்கி, படத்தில் ஏதும் வராததுபோலவே தெரியும். அதிலிருந்துதான் டன் கணக்கில் வாயு போய்க்கொண்டிருக்கும். எஃப்.ஜி.டி. போட்ட புகைபோக்கி வெண்மேகம் கக்குவதுபோல் இருக்கும். அந்த வெண்மேகத்தை மாசு என்று காட்டுவது தவறு. அதைவிடப் பெரிய தவறு, இடுப்பு ஒடுங்கிய அகன்ற குளிர்விப்புக் கோபுரத்திலிருந்து வரும் நீராவியைப் படமெடுத்து ‘நச்சுப்புகை’ என்று தலைப்பிடுவது. அந்த ஒரு படத்தைக் காட்டியே முழுச் செய்தியையும் ஒதுக்கித்தள்ள நிலைய நிர்வாகத்துக்கு வழி கிடைத்துவிடும்.

எல்லா நிலையத்திலும் இதே கோபுரம் இருக்கும் என்றும் நினைக்க வேண்டாம். நெய்வேலியில் இரண்டாம் அனல்மின் நிலைய விரிவாக்கத்தில் உள்ளவை சுழல் பாய்ம அடுக்கு பாய்லர்கள். அங்கே பழுப்பு நிலக்கரியோடு சுண்ணாம்புக்கல் தூளையும் உலைக்குள்ளேயே போட்டு, 850 டிகிரி அளவில் எரிக்கும்போதே கந்தகத்தைப் பிடித்துவிடலாம். அது கால்சியம் சல்ஃபேட்டாகச் சாம்பலோடு சாம்பலாக வெளியே வரும். மும்பை டிராம்பேயில் 1980களின் இறுதியிலேயே கடல்நீரைக்கொண்டு புகையைக் கழுவத் தொடங்கினார்கள். கடல்நீரில் இயல்பாகவே உள்ள காரத்தன்மை வாயுவைப் பிடித்து, சல்ஃபேட்டாக மாற்றி, கடலுக்கே திருப்பி அனுப்பும். கடலில் சல்ஃபேட் ஏற்கெனவே ஏராளம் என்பதால் வேதியியல் கணக்கில் அது பெரிதல்ல. விடும் நீரின் சூடு, அமிலத்தன்மை, கரைந்த ஆக்சிஜன், கூடவே போகும் கன உலோகங்கள் ஆகியவற்றைத்தான் பார்க்க வேண்டும். கடலோரத் திட்டம் என்றால் இது முகத்துவாரத்து மீனவர்கள் கேட்க வேண்டிய கேள்வி. அந்தக் கேள்வியை அவர்கள் கையில் கொடுக்க வேண்டியவர்கள் நீங்கள்.

தூத்துக்குடியில் இயங்கிவந்த தாமிர உருக்காலையைப் பற்றியும் ஒரு வார்த்தை. தாமிரத் தாது சல்ஃபைடு வகை. அதை உருக்கும்போது வரும் வாயுவில் கந்தக டை ஆக்சைடு பத்து சதவீத அளவிலும் அதற்கு மேலும் இருக்கும். அவ்வளவு செறிவாக இருப்பதால் அதை நேராகச் சல்ஃபியூரிக் அமிலமாக்கிவிடலாம். அனல்மின் புகையிலோ அது ஒரு சதவீதத்தில் இருபதில் ஒரு பங்குகூடத் தேறாது. ‘தாமிர ஆலைபோல இவர்களும் அமிலம் தயாரித்து விற்கலாமே’ என்று கேட்பவருக்கு இதுதான் பதில். அதேபோல, உரத் தொழிற்சாலைகளில் மலைபோல் குவியும் பாஸ்போஜிப்சமும் எஃப்.ஜி.டி. ஜிப்சமும் ஒன்றல்ல; இரண்டையும் வெறும் ‘ஜிப்சம்’ என்று எழுதினால் ஒன்றின் பிரச்சினை மற்றதன் தலையில் ஏறும்.

கந்தகம் எங்கே போகிறது என்ற கேள்வி இந்தத் தொழில்நுட்பம் பிறந்த நாளிலிருந்தே கூட வருகிறது. 1933இல் மின்சாரம் தரத் தொடங்கிய லண்டன் பேட்டர்சி நிலையத்தில்தான் புகையைக் கழுவும் வேலை முதன்முதலாகப் பெரிய அளவில் நடந்தது. நகரின் நடுவே இவ்வளவு பெரிய நிலையமா என்று மக்கள் எதிர்த்ததால் வந்த நிபந்தனை அது. தேம்ஸ் ஆற்றுத் தண்ணீரோடு சுண்ணாம்பு சேர்த்துக் கழுவினார்கள். கழுவிய தண்ணீரை ஆற்றிலேயே விட்டார்கள். வானத்திலிருந்து எடுத்ததை ஆற்றுக்குக் கொடுத்தார்கள். குளிர்ந்து கனத்த புகை மேலே எழாமல் பக்கத்துத் தெருக்களில் இறங்கியது. அதே நகரின் ஃபுல்ஹாம் நிலையத்தில் ஆற்றில் விடாமல் கழுவுநீரைத் திரும்பத் திரும்பச் சுழற்றும் ஏற்பாடு செய்தார்கள். ஆனால் இரண்டாம் உலகப் போர் வந்தது. வெண்ணிற ஆவி எதிரி விமானங்களுக்கு அடையாளம் காட்டிவிடும் என்று அதை நிறுத்தினார்கள். 1952 டிசம்பரில் லண்டனை மூடிய புகைமூட்டத்தில் ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள். ஜப்பானில் யொக்காய்ச்சி நகரத்து ஆஸ்துமா நோயாளிகள் வழக்குத் தொடுத்து 1972இல் ஆலைகளுக்கு எதிராகத் தீர்ப்புப் பெற்றார்கள். அந்தப் பத்தாண்டில் அங்கே எஃப்.ஜி.டி. வேகமாகப் பரவியது.

இப்போது நம் கதைக்கு வருகிறேன். 2015 டிசம்பரில் மத்திய அரசு அனல்மின் நிலையங்களுக்கு முதன்முறையாகக் கந்தக டை ஆக்சைடு வரம்பு விதித்தது. 500 மெகாவாட்டுக்குக் குறைந்த பழைய யூனிட்டுகளுக்கு ஒரு கன மீட்டர் புகையில் 600 மில்லிகிராம். 500ம் அதற்கு மேலும் உள்ளவற்றுக்கு 200. 2017 முதல் வரும் புதியவற்றுக்கு 100. இரண்டே ஆண்டுகளில் நிறைவேற்ற வேண்டும் என்றார்கள். அது 2022 ஆனது. பிறகு நிலையங்களை ஏ, பி, சி என்று மூன்று வகையாகப் பிரித்து வெவ்வேறு காலக்கெடு தந்தார்கள். கெடு திரும்பத் திரும்பத் தள்ளிப்போனது. கடைசியில் 2025 ஜூலையில் சி வகைக்கு, புகைபோக்கி உயரம் விதிப்படி இருந்தால் போதும் என்று விலக்கு. பி வகைக்கு ஒவ்வொன்றாகப் பார்த்து முடிவு. தலைநகர் வட்டாரத்துக்கோ, பத்து லட்சத்துக்கு மேல் மக்கள் வாழும் நகரங்களுக்கோ 10 கிலோமீட்டருக்குள் இருக்கும் ஏ வகைக்கு மட்டும் 2027 டிசம்பர் வரை அவகாசம்.

விலக்குக்குச் சொன்ன காரணங்களில் முதன்மையானது, ‘இந்திய நிலக்கரியில் கந்தகம் குறைவு’ என்பது. உண்மைதான். நம் நிலக்கரியில் பெரும்பாலும் அரை சதவீதத்துக்குள்தான் கந்தகம். அசாம், மேகாலயா நிலக்கரி விதிவிலக்கு. இந்த வாக்கியத்தை அப்படியே அச்சிடுவதற்கு முன் ஒரு சின்னக் கணக்கைப் போட்டுப் பாருங்கள் என்பது என் வேண்டுகோள். நம் நிலக்கரியில் முப்பது, நாற்பது சதவீதம் சாம்பல். வெப்பம் குறைவு. அதனால் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு எரிக்க வேண்டிய கரி அதிகம். 500 மெகாவாட் யூனிட் ஒன்று முழுத் திறனில் ஓடினால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 7,500 டன் கரி வேண்டும். 0.4 சதவீதம் கந்தகம் என்றால் 30 டன் கந்தகம். எரியும்போது தன் எடைக்குச் சமமான ஆக்சிஜனைச் சேர்த்துக்கொள்வதால் அது 60 டன் கந்தக டை ஆக்சைடாக வெளியேறும். இது ஒரே யூனிட்டின் ஒரு நாள் கணக்கு. புகையில் அளந்தால் கன மீட்டருக்கு 1,000 மில்லிகிராமைத் தாண்டும். வரம்பு 200. ‘குறைந்த கந்தக’ நிலக்கரியை எரித்தும் வரம்பைப் போல ஐந்து மடங்குக்கு மேல்.

இரண்டாவது காரணம், ‘சுற்றுப்புறக் காற்றில் கந்தக டை ஆக்சைடு அனுமதித்த அளவுக்குள்தான் இருக்கிறது’ என்பது. 24 மணி நேரச் சராசரி, கன மீட்டருக்கு 80 மைக்ரோகிராம் என்பது 2009இல் வகுத்த தேசிய அளவு. பல ஊர்களில் அளந்தால் அதற்குள் இருப்பதும் மெய்தான். ஆனால் 275 மீட்டர் உயரத்திலிருந்து விட்ட வாயு நிலையத்தின் வாசலில் இறங்காது. காற்றோடு போகும், போகிற வழியில் சில மணி நேரத்திலோ சில நாட்களிலோ சல்ஃபேட்டாக மாறி, அம்மோனியாவோடு சேர்ந்து, பி.எம். 2.5 என்ற நுண்துகளாகிவிடும். நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி ஒருவர் மூச்சில் அது துகளாக ஏறும். அங்கே உள்ள கருவியும் அதைத் துகள் கணக்கில்தான் காட்டும், கந்தக டை ஆக்சைடு கணக்கில் காட்டாது. உயரமான புகைபோக்கி வாயுவைப் பரப்பும்; அதில் ஒரு கிராமைக்கூடக் குறைக்காது. நிலையத்தைச் சுற்றி அளந்த எண்ணை மட்டும் வைத்து ‘பாதிப்பில்லை’ என்று யாராவது சொன்னால், ‘சல்ஃபேட் துகளை எங்கெங்கே அளந்தீர்கள்?’ என்று திருப்பிக் கேளுங்கள்.

எதிர்ப்பக்க வாதங்களில் நியாயமானவையும் உண்டு. அவற்றையும் எழுதுங்கள். மேலே சொன்ன 60 டன்னைப் பிடிக்க நாளொன்றுக்கு ஏறத்தாழ 95 டன் சுண்ணாம்புக்கல் வேண்டும். 160 டன் ஜிப்சம் வரும். வினையில் மட்டும் 40 டன் கார்பன் டை ஆக்சைடு புதிதாக வெளியேறும். தண்ணீர் செலவு கூடும். விசிறிகளும் குழம்புப் பம்புகளும் நிலையத்தின் மின்சாரத்தில் ஒன்றிரண்டு சதவீதத்தை விழுங்கும். குழம்பில் சேரும் குளோரைடை வெளியேற்றும் கழிவுநீரில் பாதரசமும் செலினியமும் வரலாம். அதைச் சுத்திகரிக்காமல் விட்டால் பேட்டர்சி செய்ததையே நாமும் செய்தவர்களாவோம். செலவு மின்கட்டணத்தில் ஏறும். இவை எல்லாவற்றையும் தட்டில் வைத்த பிறகும் இந்த விலக்கு தவறு என்பதே என் கருத்து. ஒரு பகுதியில் ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக நான்கைந்து புகைபோக்கிகள் நிற்கும்போது, ஒவ்வொன்றையும் தனித்தனியே நகரத்திலிருந்து எத்தனை கிலோமீட்டர் என்று அளந்து வகை பிரிப்பது அங்கே வாழ்கிறவர்களின் நுரையீரலுக்குச் செய்யும் அநீதி. பத்தாண்டு தாமதத்துக்குப் பின் விதியையே தளர்த்தினால், முன்கூட்டியே பணம் போட்டு எஃப்.ஜி.டி. அமைத்தவர்களுக்கு நாம் சொல்லும் சேதி என்ன? சீனா 2000களின் பிற்பாதியிலிருந்து தன் நிலையங்களில் எஃப்.ஜி.டி.யை ஏறக்குறைய முழுமையாகக் கொண்டுவந்தது. செயற்கைக்கோள் தரவுகளை வைத்து 2017இல் வெளியான ஓர் ஆய்வு, 2007க்குப் பின் அந்நாட்டின் கந்தக டை ஆக்சைடு 75 சதவீதம் குறைந்ததாகவும் இந்தியாவுடையது 50 சதவீதம் கூடியதாகவும் காட்டியது. அவர்களும் நிலக்கரியைத்தான் எரிக்கிறார்கள்.

ஜிப்சத்தைப் பொறுத்தவரை கேட்க வேண்டிய கேள்வி எளிது. சிமென்ட் சட்டென்று இறுகிவிடாமல் இருக்க அதில் நூற்றுக்கு ஐந்து பங்கு வரை ஜிப்சம் சேர்ப்பார்கள். நம் அரியலூரில் சிமென்ட் ஆலைகள் வரிசையாக நிற்கின்றன. எஃப்.ஜி.டி. ஜிப்சத்தை எடுத்துக்கொள்ள அவற்றோடு ஒப்பந்தம் இருக்கிறதா, ஈரப்பதமும் தூய்மையும் யார் சோதிப்பது, லாரியா ரயிலா என்று கேட்டால் திட்டம் காகிதத்தில் இருக்கிறதா, களத்தில் இருக்கிறதா என்பது புரிந்துவிடும். விடை இல்லாவிட்டால் சாம்பல் குளத்துக்குப் பக்கத்தில் ஒரு ஜிப்சம் குளம் வரும். எண்ணூர்க் கழிமுகத்தில் சாம்பல் கலந்ததை நேரில் பார்த்து எழுதியவர்கள் உங்களில் இருக்கிறீர்கள். அந்த வேதனையை நான் விளக்க வேண்டியதில்லை.

அளவுகளில் கவனம் தேவைப்படும் ஓர் இடத்தையும் சொல்லிவிடுகிறேன். புகையின் வரம்பு மில்லிகிராமில் இருக்கும். சில கருவிகள் பி.பி.எம்., அதாவது பத்து லட்சத்தில் எத்தனை பங்கு என்று, காட்டும். கந்தக டை ஆக்சைடுக்கு ஒரு பி.பி.எம். என்பது ஏறத்தாழ 2.86 மில்லிகிராம். ஆகவே 200 மில்லிகிராம் வரம்பு என்பது 70 பி.பி.எம். கருவியில் 150 பி.பி.எம். என்று பார்த்துவிட்டு ‘200க்குள் இருக்கிறது’ என்று எழுதினால், வரம்பைப் போல இரு மடங்கு விடும் நிலையத்துக்கு நற்சான்று கொடுத்ததாகும். புகைபோக்கியில் அளப்பது மில்லிகிராம், தெருவில் அளப்பது மைக்ரோகிராம். ஆயிரம் மடங்கு வித்தியாசம். இரண்டையும் ஒரே பத்தியில் ஒப்பிட்டு எழுதிய செய்திகளையும் படித்திருக்கிறேன். எண்ணைச் சொல்லும்போது அலகையும், எங்கே, எந்த நேரத்தில், எத்தனை மெகாவாட் ஓடும்போது அளந்தார்கள் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். எஃப்.ஜி.டி. அமைத்துவிட்டார்கள் என்பதும் அது ஓடுகிறது என்பதும் வேறு வேறு. பம்பை நிறுத்திவிட்டு மாற்றுப்பாதை வழியே புகையை விட்டால் மின்சாரம் மிச்சம். வெளியே இருப்பவர் கண்ணுக்குத் தெரியாது. சுண்ணாம்புக்கல் மாதம் எத்தனை டன் வாங்கினார்கள் என்ற ஒரே கேள்வி அதைக் காட்டிக்கொடுத்துவிடும். எரித்த கரியின் அளவோடு அதை வைத்துப் பார்த்தால் போதும், கோபுரம் எத்தனை நாள் ஓடியது என்று கணக்குப் போட்டுவிடலாம்.

அடுத்த பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கு நீங்கள் போகும்போது, சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கையில் கந்தகநீக்கம் பற்றிய பக்கத்தைத் தனியே குறித்து வைத்துக்கொள்ளுங்கள். நிலக்கரியின் கந்தகச் சதவீதம், யூனிட்டின் வகை ஏயா பியா சியா, சுண்ணாம்புக்கல் வரும் இடம், ஜிப்சம் போகும் இடம், கழிவுநீர் விடும் இடம் ஆகியவை அதில் இருக்க வேண்டும். இல்லாதது எது என்று கூட்டத்திலேயே எழுந்து கேட்கும்படி ஊர் மக்களுக்கு முதல்நாளே தமிழில் எழுதிக் கொடுங்கள். கணக்குப் போட்டுத் தர ஆள் வேண்டும் என்றால் என்னைப்போல் ஓய்வு பெற்ற வேதியியலாளர்கள் ஒவ்வோர் அனல்மின் நகரியத்திலும் இருக்கிறார்கள். கூப்பிடுங்கள், வருகிறோம்.

அன்புடன்,
அனல்மின் நிலைய வேதியியல் பிரிவில் பணியாற்றிய ஒருவன்